கிளே: ஒரு குடும்பப் பெயரின் நசபும் நிஸ்பத்தும்

1971ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. வியட்நாம் போரின்போது படையில் சேர மறுத்ததற்காக ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த குத்துச்சண்டை வீரர் ஒருவரின் தண்டனையை, எட்டு நீதிபதிகள் ஒருமனதாக நீக்கிய தீர்ப்பு அது. சட்டத் தொகுப்புகளில் அவ்வழக்கின் தலைப்பு ‘கிளே எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ என்பதாகும். வென்றவரோ அப்பெயரை 1964ஆம் ஆண்டிலேயே துறந்துவிட்டிருந்தார். உலகம் முழுவதும் முஹம்மது அலி என்று அறிந்திருந்த மனிதர், நீதிமன்ற ஏட்டில் ‘காஷியஸ் கிளே என்கிற முஹம்மது அலி’யாகவே நின்றார். அவர் உதறிய பெயர் தலைப்பாகவும், ஏற்ற பெயர் ஒட்டாகவும் அமைந்தன. வழக்கில் அவருக்கு நீதி கிடைத்தது, பெயரில் கிடைக்கவில்லை.

அந்தப் பெயருக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அமெரிக்கப் பொதுவாழ்வில் ‘கிளே’ என்னும் குடும்பப் பெயர் மீண்டும் மீண்டும் தென்படுகிறது. மக்களவைத் தலைவர், செனட்டர்கள், ஆளுநர், ரஷ்யாவுக்கான தூதர், பெண்கள் வாக்குரிமைப் போராளி, ஜெர்மனியை ஆண்ட படைத்தளபதி, கறுப்பின மக்களின் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் எனப் பலரும் அதைத் தாங்கியுள்ளனர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பெயரைத் தாங்கியது எவ்வாறு? அவர்கள் ஒரே வமிசத்தினரா? இல்லையெனில் அப்பெயர் அவர்களுக்குள் எதைக் குறித்தது? ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் களிமண் என்று பொருள். ஆதம் (அலை) அவர்களின் மக்கள் எவருக்கும் அப்பெயர் பொருந்தும்தான். ஆனால் நாம் காணப்போகும் வரலாற்றில் அந்தச் சமத்துவத்தை எளிதில் காண இயலாது.

குடும்பப் பெயர் என்னும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குச் சற்று அந்நியமானது. தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டு, அதன்பின் தம் பெயரை எழுதுவதே நம்மவர் வழக்கம். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கப்படும் கட்டத்தில் எதை எழுதுவது என்று இன்றும் நம் இளைஞர்கள் திகைக்கின்றனர். மரைக்காயர், ராவுத்தர், லெப்பை போன்றவை மரபுப் பட்டங்களேயன்றி மேலை நாட்டார் கருதும் குடும்பப் பெயர்கள் அல்ல. நம் தலைப்பெழுத்து முறை, அறியாமலேயே, அரபிகளின் ‘இப்னு’ முறைக்கு நெருங்கியது: இன்னார் மகன் இன்னார்.

அரபு வமிசவியலார் இவ்விடத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுவர். ‘நசப்’ என்பது தந்தைவழி வமிசம். அது இரத்த உறவு. அதை மாற்றவோ மறுக்கவோ எவருக்கும் உரிமையில்லை. ‘நிஸ்பத்’ என்பது ஓர் ஊரோடோ, தொழிலோடோ, குலத்தோடோ, ஒரு மனிதரோடோ உள்ள தொடர்பைக் காட்டும் அடைமொழி. அது வரலாம், போகலாம், ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் பெயரோடு ‘அல்ஜுஅஃபீ’ என்றும் சேர்த்து வழங்குவர். அவர்கள் ஜுஅஃபீ குலத்து அரபியர் அல்லர். அவர்களின் பாட்டனாரின் தந்தை முஃகீரா, புகாராவின் ஆளுநராயிருந்த யமான் அல்ஜுஅஃபீயின் கரத்தில் இஸ்லாத்தைத் தழுவியதால் அந்த நிஸ்பத் குடும்பத்தில் நிலைத்தது. கேட்பவருக்கு நசபைப் போல ஒலிப்பது உண்மையில் ‘வலா’ என்னும் சார்புத் தொடர்பு. இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் அமெரிக்காவுக்குச் செல்வோம்.

கிளே என்னும் பெயருக்கு முதன்முதலாகப் புகழ் சேர்த்தவர் ஹென்றி கிளே. 1777இல் வர்ஜீனியாவில் பிறந்து, இளமையிலேயே கென்டக்கி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர். 1811இல் மக்களவைத் தலைவரானார். குடியரசுத் தலைவர் பதவிக்கு 1824, 1832, 1844 ஆகிய ஆண்டுகளில் போட்டியிட்டு மூன்று முறையும் தோற்றார். அடிமை முறையை ஏற்ற மாநிலங்களும் ஏற்காத மாநிலங்களும் மோதிக்கொண்ட போதெல்லாம் இடையே நின்று உடன்பாடு கண்டவர் என்பது அவருக்கு வரலாறு தந்த பெருமை. 1820ஆம் ஆண்டின் மிசூரி உடன்பாட்டில் அவருக்குப் பெரும்பங்குண்டு. அதன் வழியாகவே மிசூரி ஓர் அடிமை மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. 1850ஆம் ஆண்டின் உடன்பாடும் அவர் முன்வைத்ததே. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்கும் கொடிய சட்டம் அதன் ஒரு பகுதியாக இருந்தது. லெக்ஸிங்டன் நகரருகே ஆஷ்லாண்ட் என்னும் பெரும் பண்ணையை வைத்திருந்த அவர், வாழ்நாள் முழுவதும் அடிமைகளின் உரிமையாளராகவே இருந்தார். அடிமை முறை ஒரு தீமை என்று மேடைகளில் பேசியவரும் அவரே.

1825 முதல் 1829 வரை அவர் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராக இருந்தார். அக்காலத்தில்தான் அவர் மேசைக்கு அரபு மொழியில் எழுதப்பட்ட ஒரு மடலின் விவகாரம் வந்து சேர்ந்தது. அரபு கற்பிப்பவன் என்ற முறையில் அந்த மடலை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

மடலை எழுதியவர் அப்துர் ரஹ்மான் இப்ராஹீமா. இன்றைய கினி நாட்டிலுள்ள ஃபூத்தா ஜல்லோன் பகுதியின் ஆட்சியாளராயிருந்த இப்ராஹீமா சோரியின் மகன். டிம்புக்டுவில் கல்வி கற்றவர். 1788இல் ஒரு போரில் சிறைப்பட்டு, அடிமை வணிகர்களிடம் விற்கப்பட்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாட்செஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டார். தாமஸ் ஃபாஸ்டர் என்னும் பண்ணையார் அவரை விலைக்கு வாங்கினார். தாம் ஓர் அரச குமாரன் என்று அவர் கூறியபோது, பண்ணையார் அவருக்கு ‘பிரின்ஸ்’ என்றே பெயரிட்டார். நாற்பதாண்டுகள் அந்தப் பெயரில் பருத்தி வயலில் உழைத்தார். ஆனால் அரபு எழுத்து அவர் கையை விட்டு அகலவில்லை. 1826இல் அவர் எழுதிய மடல், உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் வழியாகவும் ஒரு செனட்டர் வழியாகவும் பயணித்து மொரோக்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை அடைந்தது. அரபு எழுதத் தெரிந்தவர் மொரோக்கோ நாட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அதிகாரிகள் எண்ணிக்கொண்டனர். மேற்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் மதரஸாக்கள் இருந்தன என்பது அவர்கள் அறியாத செய்தி. மொரோக்கோ சுல்தான் அப்துர் ரஹ்மான் அவர் விடுதலையில் அக்கறை காட்டினார். குடியரசுத் தலைவர் ஜான் குவின்ஸி ஆடம்ஸும் ஹென்றி கிளேயும் அதை ஏற்று ஆவன செய்தனர். 1828இல் இப்ராஹீமா விடுதலை பெற்றார். ஆனால் அமெரிக்க மண்ணில் சுதந்திர மனிதராக வாழக் கூடாது, நாடு திரும்ப வேண்டும் என்பது உரிமையாளரின் நிபந்தனை.

மனைவி இசபெல்லாவை விடுவிக்க நாட்செஸ் மக்களே பணம் திரட்டித் தந்தனர். பிள்ளைகளை மீட்க அவர் வட மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். கிறித்தவ நல்லெண்ணத்தார் சிலர் தம் மார்க்கத்தின் இறைவேண்டலை அரபியில் எழுதித் தருமாறு கேட்டபோது, அவர் எழுதிக் கொடுத்தது அல்ஃபாத்திஹா. அந்த ஏடு இன்றும் அமெரிக்காவில் பாதுகாக்கப்பட்டுள்ளது. 1829இல் கப்பலேறி லைபீரியாவை அடைந்தார். தம் பிறந்த மண்ணைக் காணுமுன்னரே, அவ்வாண்டு ஜூலையில் அங்கே காலமானார். நாற்பதாண்டுகள் ‘பிரின்ஸ்’ என்று அழைக்கப்பட்டும் தம் நசபை மறவாதவர் அவர். அவருக்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளக் கல்வி இருந்தது. ஓர் எழுத்து இருந்தது. அதே பண்ணைகளில் பிறந்த பிள்ளைகளுக்கு அவ்விரண்டும் இல்லை.

ஒரு முஸ்லிம் இளவரசரின் விடுதலைக்குத் துணை நின்றவர் என்று ஹென்றி கிளேயைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டே, 1829இல், அவர் வீட்டில் பணியாற்றிய சார்லட் டுபுய் என்னும் அடிமைப் பெண், தானும் தன் மக்களும் சுதந்திரர்கள் என்று கூறி வாஷிங்டன் நீதிமன்றத்தில் அவர்மீதே வழக்குத் தொடுத்தாள். வெளியுறவு அமைச்சர் தம் அடிமைப் பெண்ணை எதிர்த்து வழக்காடி வென்றார். அவளை விடுவித்தது 1840இல்தான். மொரோக்கோ சுல்தானின் நட்பு நாட்டுக்கு வேண்டியிருந்தது. சார்லட்டுக்காகப் பேசவோ எந்த சுல்தானும் இல்லை.

கிளே குடும்பத்தின் மற்றொரு கிளை ஹென்றியின் உறவினரான கிரீன் கிளேயினுடையது. கென்டக்கியின் மிகப் பெரிய செல்வந்தர்களுள் ஒருவர். அடிமைகளை ஏராளமாக வைத்திருந்தவர். அவர் மகனே காஷியஸ் மார்செல்லஸ் கிளே. 1810இல் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பயிலும்போது அடிமை ஒழிப்பாளர் வில்லியம் லாயிட் காரிசனின் உரையைக் கேட்டு மனம் மாறினார். ஊர் திரும்பி, அடிமை உரிமையாளர்களின் கோட்டையாகிய லெக்ஸிங்டனிலேயே 1845இல் ‘ட்ரூ அமெரிக்கன்’ என்னும் அடிமை எதிர்ப்பு இதழைத் தொடங்கினார். அச்சகத்தின் வாயிலில் இரண்டு பீரங்கிகளை நிறுத்தி வைத்த பத்திரிகையாசிரியர் உலகில் வேறெவரும் உண்டோ அறியேன். அவர் நோயுற்றுக் கிடந்த வேளையில் ஊர்ப் பிரமுகர்கள் திரண்டு அச்சு இயந்திரத்தைப் பெயர்த்து மாநிலத்துக்கு வெளியே அனுப்பிவிட்டனர். தம்மைச் சுட்டவனைக் கத்தியால் வெட்டியதற்காக 1843இல் அவர்மீது வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் ஹென்றி கிளே. பின்னாளில் லிங்கன் அவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார். அமெரிக்கா 1867இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியபோது தூதர் அவரே. 1903இல் மறைந்தார்.

துணிவுக்குக் குறைவில்லாதவர். தமக்கே உரிய அடிமைகளை 1844இல் விடுவித்தார். ஆயினும் தந்தையின் உயிலின்படி பிள்ளைகளுக்காக அறக்கட்டளையில் வைக்கப்பட்டிருந்தவர்கள் அடிமைகளாகவே நீடித்தனர். எமிலி என்னும் அடிமைப் பெண் தம் குழந்தைக்கு நஞ்சூட்டினாள் என்று அவர் ஐயுற்றார். நீதிமன்றம் அவளைக் குற்றமற்றவள் என்று விடுவித்த பின்னரும், அவளையும் அவள் தாயையும் உடன்பிறந்தோரையும் தெற்கே விற்பனைக்கு அனுப்பிவிட்டார். அடிமை முறையை அவர் எதிர்த்ததன் முதன்மைக் காரணம், அது வெள்ளை உழைப்பாளியின் வாழ்வைக் கெடுக்கிறது என்பதே. கறுப்பரை வெள்ளையருக்கு நிகராக அவர் கருதினார் என்று கூறுவதற்கில்லை.

அவருடைய புதல்வியரையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1878இல் காஷியஸ் தம் மனைவி மேரி ஜேன் வார்ஃபீல்டை மணவிலக்குச் செய்தார். கணவர் ரஷ்யாவிலிருந்த ஆண்டுகளில் ‘ஒயிட் ஹால்’ மாளிகையையும் பண்ணையையும் கட்டிக்காத்த அப்பெண்மணிக்கு, அன்றைய கென்டக்கிச் சட்டப்படி அதில் ஓர் அங்குலமும் இல்லை. தாய்க்கு நேர்ந்ததைக் கண்ட மகள்மார் பெண்ணுரிமை இயக்கத்தில் இறங்கினர். அவர்களுள் லாரா கிளே (1849–1941) கென்டக்கியின் சமவுரிமைச் சங்கத்தை 1888 முதல் 1912 வரை தலைமையேற்று நடத்தினார். மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் அவர்கள் முயற்சியால் 1894இல் அம்மாநிலத்தில் நிறைவேறியது. 1920இல் ஒரு பெரிய கட்சியின் மாநாட்டில் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்ட முதற்பெண்களுள் அவர் ஒருவர். ஷரீஅத்தில் பெண் திருமணத்தால் தன் சொத்தையும் இழப்பதில்லை, தன் தந்தையின் பெயரையும் இழப்பதில்லை என்று பெருமையோடு கூறுகிறோம். சட்டம் அவ்வாறே. நடைமுறையில் நம் சகோதரிகளின் வாரிசுப் பங்கு எத்தனை வீடுகளில் ஒழுங்காக ஒப்படைக்கப்படுகிறது என்பதை ஒவ்வொருவரும் தம் ஊரில் எண்ணிப் பார்க்கலாம். லாரா கிளேயிடமும் குறையுண்டு. பெண்களுக்கு வாக்குரிமை தந்த பத்தொன்பதாம் திருத்தத்தை, அது மாநிலங்களின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று அவரே எதிர்த்தார். கறுப்பினப் பெண்களின் வாக்கைப் பற்றிய தென்னாட்டு வெள்ளையரின் அச்சம் அந்த வாதத்தின் அடியில் இருந்தது.

மற்ற வெள்ளைக் கிளேக்களைச் சுருக்கமாகக் குறிப்பிட்டுச் செல்வோம். அலபாமாவின் ஆளுநராயிருந்த கிளெமன்ட் கோமர் கிளே. அவர் மகனும் செனட்டருமாகிய கிளெமன்ட் கிளெய்போர்ன் கிளே. மகன் 1861இல் பிரிவினை மாநிலங்களின் பக்கம் சென்றார். ஜார்ஜியாவின் செனட்டர் அலெக்ஸாண்டர் கிளேயின் மகன் லூசியஸ் கிளே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமெரிக்கப் பகுதியின் இராணுவ ஆளுநராயிருந்து, 1948இல் சோவியத் முற்றுகையிட்ட மேற்கு பெர்லினுக்கு விமானங்கள் வழியே உணவும் நிலக்கரியும் அனுப்ப வழிசெய்தவர். பெர்லினில் ஒரு நெடுஞ்சாலை அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

இனி, கறுப்பினக் கிளேக்களிடம் வருவோம். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகியவை வரிசையாக இருக்கும். அடிமையின் பெயர் இராது. விடுதலைக்குப் பின் 1870இல் எடுக்கப்பட்ட கணக்கில்தான் அம்மக்கள் பெயரோடு முதன்முதலாகப் பதிவாயினர். அப்போது பலர் உரிமையாளரின் குடும்பப் பெயரோடு பதிவாயினர். சிலர் முந்தைய உரிமையாளரின் பெயரையும், சிலர் தமக்குள் இரகசியமாக வழங்கி வந்த பெயரையும், சிலர் புதிதாகத் தேர்ந்த பெயரையும் கொண்டனர். ஆகவே கறுப்பினக் குடும்பம் ஒன்றின் பெயரைப் பின்னோக்கித் தொடர்ந்து செல்லும் ஆய்வாளர், 1870இல் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார். அதற்கு அப்பால் கிடைப்பது இன்னாரின் உடைமை என்னும் செய்தி. இன்னாரின் மகன் என்னும் செய்தி அன்று.

லூயிவில் நகரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்தவர் காஷியஸ் மார்செல்லஸ் கிளே. 1912இல் பிறந்த அவருக்கு அடிமை ஒழிப்பாளரின் முழுப்பெயரும் சூட்டப்பட்டது. கென்டக்கியின் கறுப்பின மக்கள் அந்த மனிதர்மீது வைத்திருந்த நன்றியை அது காட்டுகிறது. 1942இல் தமக்குப் பிறந்த மகனுக்கும் அவர் தம் பெயரையே இட்டார். அந்த மகன்தான் 1964 பிப்ரவரி 25ஆம் நாள் சானி லிஸ்டனை வீழ்த்தி உலக வாகையர் ஆனார். மறுநாள் தம் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தார். மார்ச் 6ஆம் நாள் இலைஜா முஹம்மது அவருக்கு முஹம்மது அலி என்று பெயர் சூட்டினார். கிளே என்பது தம் முன்னோரை அடிமைகொண்டவர்களின் பெயர்; அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை, எனக்கு வேண்டாம் என்பதே அவர் கூறியதன் சாரம்.

அன்று பலரும் அவரைக் கடிந்துகொண்டனர். அடிமைகளுக்காகக் குண்டடி பட்ட ஒருவரின் பெயரையா அடிமைப் பெயர் என்கிறாய் என்று கேட்டனர். கேள்வியில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். மார்க்கம் கற்றவர்களும் வேறொரு பக்கத்திலிருந்து வினவக்கூடும். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய உண்மைத் தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்குர்ஆன் (33:5) கட்டளையிடுகிறது. இஸ்லாத்தைத் தழுவியவர் தம் தந்தையின் பெயரைக் கைவிட வேண்டியதில்லை. பிலால் (ரலி) அவர்கள் இறுதிவரை ரபாஹின் மகன்தான். பொருளில் தீமையோ இணைவைப்போ உள்ள பெயர்களையே நபி (ஸல்) அவர்கள் மாற்றினார்கள். தந்தையின் பெயர் கிளே என்றிருக்க, மகன் அதைத் துறந்தது நசபை மறுப்பதாகாதா?

இவ்விடத்தில்தான் நம் முன்னோரின் வேறுபாடு கைகொடுக்கிறது. அந்த வசனம் யார் பொருட்டு இறங்கியது? சிறுவயதில் கடத்தப்பட்டு, சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா (ரலி) அவர்களிடம் வந்து சேர்ந்த ஸைத் (ரலி) அவர்கள் பொருட்டு. மிக்க அன்போடு வளர்த்த நபியவர்களின் பெயரோடு சேர்த்து ‘ஸைத் இப்னு முஹம்மத்’ என்று மக்கள் அழைத்தனர். அதைவிடச் சிறந்த பெயர் ஒரு மனிதருக்கு வாய்க்குமா? ஆயினும் அது நீக்கப்பட்டு, அவர் மீண்டும் ‘ஸைத் இப்னு ஹாரிஸா’ ஆனார். அடிமையாயிருந்தவனின் நசபை அவனை ஆதரித்தவரின் பெயர்கூட மறைத்துவிடக் கூடாது என்பது இதன் பொருள். அதே வசனம், தந்தையர் அறியப்படாதவர்களைப் பற்றியும் பேசுகிறது. அவர்கள் மார்க்கச் சகோதரர்கள், மவ்லாக்கள். ஸாலிம் (ரலி) அவர்களின் தந்தை யாரென்று தெரியவில்லை. ஆகவே அவர் ‘ஸாலிம், அபூ ஹுதைஃபாவின் மவ்லா’ என்று அழைக்கப்பட்டார். மகன் என்று பொய்யாக அழைக்கப்படவில்லை.

கிளே என்பது முஹம்மது அலியின் முன்னோருக்கு நசபாக வந்ததன்று. ஓவியர் காஷியஸ் கிளே அவர் தந்தை என்பதை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. அவர் மறுத்தது தந்தையையும் தாண்டி அப்பால் நின்ற உரிமையாளரின் நிஸ்பத்தை. சரி, நிஸ்பத்தாகவேனும் அதற்குத் தகுதி உண்டா? விடுதலை செய்தவருக்கே ‘வலா’ உரியது. விற்றவர் அதைத் தமக்கென வைத்துக்கொள்ள முடியாது என்பது பரீரா (ரலி) அவர்களின் விஷயத்தில் நபியவர்கள் அளித்த தீர்ப்பு. கென்டக்கியின் அடிமைகளைப் பெரும்பாலும் அவர்களுடைய உரிமையாளர்கள் விடுவிக்கவில்லை. லிங்கனின் விடுதலைப் பிரகடனமும் ஒன்றியத்திலேயே நீடித்த அம்மாநிலத்துக்குப் பொருந்தவில்லை. 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் நடைமுறைக்கு வந்த பின்னரே அங்கே அடிமை முறை முடிந்தது. அத்திருத்தத்தையும் கென்டக்கி நிராகரித்திருந்தது. பெயரளவில் அதை ஏற்றது 1976இல்தான். விடுவிக்காதவரின் பெயரை விடுதலை பெற்றவர் சுமக்க வேண்டிய கடமை எந்த நியாயத்தின்படியும் இல்லை.

இலைஜா முஹம்மதின் கொள்கைகள் இஸ்லாத்தின் அடிப்படைக்கே முரணானவை என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. அவர் மறைந்தபின் 1975 முதல் முஹம்மது அலி அவர் மகன் வாரிதுத்தீன் முஹம்மதைப் பின்பற்றி அஹ்லுஸ் ஸுன்னத்தின் வழிக்கு வந்தார். பெயர் மட்டும் மாறவில்லை; அதில் பிழையேதும் இருக்கவில்லை. பழைய பெயரை வைத்தே அவரை அழைத்துவந்த எர்னி டெரலை 1967 பிப்ரவரியில் பதினைந்து சுற்றுகளும் அடித்து, ‘என் பெயர் என்ன?’ என்று கேட்டுக் கேட்டுத் தாக்கினாரே, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். டெரலும் அவரைப் போலவே தன் முன்னோரின் பெயரை அறியாத ஒரு கறுப்பர்தான்.

எல்லோரும் அப்பெயரைத் துறந்தார்கள் என்பதும் இல்லை. மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து 1968இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் கிளே, 2001 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் மக்களவையில் இருந்தார். கறுப்பின உறுப்பினர்களின் நாடாளுமன்றக் குழுவை 1971இல் நிறுவியவர்களுள் ஒருவர். பிள்ளைப்பேற்றுக்காகவும் நோயுற்ற குடும்பத்தினரைப் பேணவும் ஊழியர் விடுப்பெடுக்க வழிசெய்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உழைத்தவர். 2025 ஜூலையில் மறைந்தார். அவருக்குப் பின் மகன் லேசி கிளே 2021 வரை அதே தொகுதியின் உறுப்பினராயிருந்தார். ஹென்றி கிளே தலைமை வகித்த அதே அவையில், அவர் அடிமை மாநிலமாகச் சேர்த்துவைத்த அதே மிசூரியிலிருந்து, இரண்டு தலைமுறை கறுப்பினக் கிளேக்கள் அமர்ந்திருந்தனர். பெயரைத் துறந்ததும் ஒரு விடைதான். அதைத் தாங்கிக்கொண்டே அந்த அவைக்குள் நுழைந்ததும் ஒரு விடைதான்.

இதையெல்லாம் எழுதும்போது நம் வரலாற்றையும் திறந்து பார்க்க வேண்டும். ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் மாபெரும் புவியியல் அகராதியை இயற்றிய யாகூத் அல்ஹமவீ (1179–1229) ரோம தேசத்தில் பிறந்தவர். சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டு பஃக்தாதில் விற்கப்பட்டார். வாங்கிய வணிகர் ஹமா நகரத்தவர். ‘அல்ஹமவீ’ என்னும் நிஸ்பத் அந்த எசமானரிடமிருந்து வந்ததே. ‘யாகூத்’, அதாவது மாணிக்கம், என்பது அக்காலத்தில் அடிமைகளுக்கு வழக்கமாக இடப்பட்ட பெயர். காஃபூர், அன்பர், லுஃலுஃ என்பனவும் அவ்வகையே. தந்தை பெயர் தெரியாததால் ‘இப்னு அப்துல்லாஹ்’ என்று எழுதினர். அல்லாஹ்வின் அடிமையின் மகன் என்றால் எவருக்கும் பொருந்தும். அறிவில் உயர்ந்து புகழ்பெற்ற பின் யாகூத் தமக்கு ‘யஃகூப்’ என்று பெயர் சூட்டிக்கொண்டதாக இப்னு கல்லிகான் பதிவுசெய்கிறார். ஒரு நபியின் பெயர், சுதந்திர மனிதர்களின் பெயர். அவர் விருப்பத்தை எவர் மதித்தார்? எண்ணூறு ஆண்டுகளாக நாம் அவரை யாகூத் என்றே அழைக்கிறோம். என் மாணவர்களுக்கு அவர் நூலை அறிமுகப்படுத்தும்போது நானும் அவ்வாறே அழைத்து வந்திருக்கிறேன். அமெரிக்க நீதிமன்றத்தின் ஏட்டைக் குறை கூறுமுன் நம் நூலகப் பட்டியல்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

யஃகூபுக்குக் கிட்டாதது முஹம்மது அலிக்குக் கிட்டியது. 1980 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடியபோது, திரண்டு வந்த மக்கள் அவரை அறிந்திருந்தது முஹம்மது அலியாகவே. அமெரிக்கர் வழக்கத்தில் ‘அலி’ ஒரு குடும்பப் பெயராகவும் மாறிவிட்டது. அவருடைய சகோதரர் ரஹ்மான் அலியானார். குத்துச்சண்டையில் புகழ்பெற்ற மகள் லைலா அலி. இழந்த ஆப்பிரிக்க நசபு மட்டும் திரும்பவில்லை. அதைத் தரவல்ல ஏடு எங்கும் எழுதப்படவேயில்லை.

ஹாலிவுட் நகரின் நடைபாதையில் புகழ்பெற்றோரின் பெயர்களை நட்சத்திரங்களில் பொறித்துப் பதிப்பது வழக்கம். 2002இல் முஹம்மது அலிக்கும் அந்தச் சிறப்பு அளிக்கப்பட்டது. தாம் தாங்கியிருப்பது நபி (ஸல்) அவர்களின் பெயர், அதை மக்கள் மிதித்து நடக்கத் தம்மால் ஒப்ப முடியாது என்று அவர் கூறிவிட்டார். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் தரையில் கிடக்க, அவர் பெயரைத் தாங்கிய நட்சத்திரம் மட்டும் அங்குள்ள அரங்கம் ஒன்றின் நுழைவாயிலில் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது.